பன்னிரண்டு பங்கு இருதயம்

எங்கள் ஊரில் பங்கு ஆடு அடித்தால் அதன் இருதயத்தை முழுதாக யாரும் கண்டதில்லை. பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு ஆடு அடிப்பார்கள். நிலத்தில் பன்னிரண்டு தேக்கம் இலை விரிப்பார்கள். இறைச்சி, எலும்பு, ஈரல், குடல் என்று எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு ஒவ்வொரு இலைக்கும் போக வேண்டும். இருதயமும் அப்படித்தான், சுண்டுவிரல் நுனியளவு பன்னிரண்டு துண்டு. ஒரு இலையில் ஒரு துண்டு குறைந்துபோனால் அந்தக் கதை அடுத்த போகம் வரை ஓடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முரசுமோட்டைப் பக்கம் காணி வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. பங்கு போடுகிறவர் மாமா, அம்மாவின் தம்பி. எனக்கு எட்டு வயது. அக்கா எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடம் அதோடு முடிந்துவிடும். தை பிறந்து புது வகுப்பு தொடங்கியதும் பஸ் ஏறிக் கிளிநொச்சிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக விடுங்கள் என்று அக்கா அழுதுகொண்டிருந்தாள். "படிச்சது காணும், இனிப் போதும்" என்பார் அப்பா. அவர் எங்கள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வித்தியாதரிசி புதன்கிழமை வருகிறார் என்று செய்தி வந்தது. அவருக்கு முன்னால் இரத்தக் குழாய்களை வகை பிரித்துக் காட்ட வாத்தியார் அக்காவைத் தெரிவு செய்தார். குழாய்களோடு ஒரு ஆட்டு இருதயம் முழுதாகக் கிடைக்குமா என்றும் கேட்டார். யானை இருதயம் என்றால் காட்டில் தேடலாம், பங்கு ஆட்டின் இருதயம் கிடைக்காது என்று அக்கா வீட்டில் வந்து மூக்கைச் சிந்தினாள். மாமா கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அடிக்கும் ஆடு அந்த முறை புதன்கிழமைக்கு மாறியது.

விடியற்காலையில் மாமா இருதயத்தைக் குழாய்களோடு எடுத்து ஒரு சட்டித் தண்ணீரில் வைத்தார். பாடம் முடிந்ததும் கொண்டுவந்து பங்கு போடலாம் என்றார். பங்குக்காரர் கொதித்தார்கள்.

"முழுசாப் போறது முழுசாத் திரும்பி வருமோ?"

எல்லாரையும்விட அதிகம் சத்தம் போட்டவர் மாமாதான். "அதுதானே! எனக்கும் ஒரு பங்கு இருக்கு. நான் பின்னாலை போய் நிண்டு பாக்கத்தான் போறன். நீங்களும் வந்து உங்கட உங்கட பங்கைப் பாத்துக்கொள்ளுங்கோ. அத்தான், நீங்களும் வாங்கோ. பிறகு குறைஞ்சுபோச்செண்டு என்னைச் சொல்லக்கூடாது!"

அப்பா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

வாத்தியார் வந்து, இருதயத்திலிருந்து இரத்தம் போகும் நாடிக்குச் சிவப்பு நூலும் திரும்பி வரும் நாளத்துக்கு நீல நூலும் கட்டிவிட்டு முன்னால் போய்விட்டார். அக்கா பாடமாக்கியபடி அவர் பின்னால் நடந்தாள். பங்குக்காரர் கைகால் கழுவி வருவதற்குள் நான் சட்டியோடு புறப்பட்டேன். இறைச்சி வாசத்துக்கு ஒரு நாய் துரத்தியது. ஓடிய ஓட்டத்தில் பாதித் தண்ணீர் என் சட்டையில். மதகடியில் நின்று பார்த்தால் இரண்டு நூலும் கழன்று மிதக்கின்றன. எது எதில் இருந்தது? சிவப்பு சின்னப் பிள்ளைகளுக்கு வடிவு என்று அம்மா சொல்லுவா. ஆகவே மெல்லியதாக, பாவமாகக் கிடந்த குழாய்க்குச் சிவப்பைக் கட்டினேன். யாருக்கும் சொல்லவில்லை. வாய் திறந்து சொல்லும் பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை.

வகுப்பின் அரைச்சுவருக்கு வெளியே பங்குக்காரர் வரிசையாக நின்று எட்டிப் பார்த்தார்கள். வித்தியாதரிசி புருவத்தை உயர்த்தினார்.

"ஆர் இவை?"

"பெற்றோர், சேர்" என்றார் வாத்தியார்.

"இந்தளவு அக்கறையான பெற்றோரை நான் எங்கையும் கண்டதில்லை!"

அக்கா சிவப்பு நூல் கட்டிய குழாயைத் தூக்கினாள். விரலால் அழுத்தினாள். விட்டாள். மற்றதையும் அழுத்தினாள். திரும்பவும் முதலாவதையே அழுத்தினாள். சொல்லு சொல்லு என்று வாத்தியார் தலையாட்டினார். 

"சேர், நூல் மாறிக் கிடக்கு" என்றாள் அக்கா.

வாத்தியாரின் முகம் வெளிறியது.

"கட்டினது உம்மட வாத்தியார். பிழையெண்டு நீர் எப்பிடிச் சொல்லுவீர்?" என்று வித்தியாதரிசி கேட்டார்.

"நீல நூல் கட்டினதுக்குத்தான் சுவர் தடிப்பு, சேர். அமத்திப்போட்டு விட்டாலும் பப்பாசி இலைக் காம்புக் குழல் மாதிரி வாய் திறந்தபடி வட்டமா நிக்குது. இதுதான் நாடி. சிவப்பு நூல் கட்டினது காத்துப்போன சைக்கிள் ரியூப் மாதிரிப் படுத்திட்டுது. இது நாளம்."

"நாடிக்கு மட்டும் ஏன் தடிச்ச சுவர்?"

அக்கா அரைச்சுவர்ப் பக்கம் பார்த்தாள். "குளத்துத் துருசுக் கதவு திறந்தவுடன தண்ணி தள்ளிக்கொண்டு வாற வாய்க்காலுக்குக் கட்டு பலமா வேணும், சேர். வயலுக்குப் பாஞ்சு ஆறுதலாத் திரும்பிற கழிவு வாய்க்காலுக்கு மெல்லிய கட்டுக் காணும். இருதயத்திலயிருந்து தள்ளுற இரத்தம் நாடியிலதான் வரும்."

"கட்டுப் பலமில்லாட்டி ஒரே நாளிலை அள்ளிக்கொண்டு போயிடும்!" என்று வெளியிலிருந்து ஒரு குரல். போன போகம் வாய்க்கால் உடைந்து கால் ஏக்கர் பயிரைப் பறிகொடுத்த அப்பாவின் குரல். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அப்பா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாடியையும் நாளத்தையும் தொடுக்கிற மயிர்க்குழாய் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு ஒரே அடுக்குச் சுவர்தான் என்று அக்கா முடித்தாள்.

"கண்ணுக்குத் தெரியாததை எப்பிடியப்பா பன்னிரண்டாப் பிரிக்கிறது?" என்று பங்குக்காரர் ஒருவர் கவலைப்பட்டார்.

திரும்பி வரும்போது சட்டியை அப்பாவே தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "தைக்குப் பிறகு பஸ்ஸிலை போகட்டும். வாய்க்கால் விளங்கின பிள்ளை" என்றார். அக்கா குசினிக்குள் அடுப்படிக்கு ஓடிப்போய் நின்று அழுதாள். அவசரத்தில் நூலை மாற்றிக் கட்டிவிட்டேன் என்று வாத்தியார் பல நாள் வருத்தப்பட்டாராம். இதை எழுதும் வரை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம், பங்கு போட்டு முடிந்ததும், மாமா தன் பங்கையும் அம்மாவிடம் சமைக்கக் கொடுத்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார். கறியைக் கிளறி, தன் பங்கு இருதயத் துண்டைப் பொறுக்கி எடுத்து எங்கள் வீட்டுத் துண்டு ஏற்கெனவே கிடந்த என் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

"நீ தின். சின்ன வயசிலையிருந்து எனக்கு உது தொண்டைக்குள்ளை இறங்காது."

அப்படியென்றால் காலையில் தன் பங்குக்காக ஏன் அத்தனை சத்தம் போட்டார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு வீட்டிலும் இரண்டு துண்டு கிடைத்தது எனக்கு மட்டும்தான் என்ற சந்தோசத்தில் மென்றுகொண்டிருந்தேன்.