இரண்டு கைக்கும் இரண்டு பிரசர்

கடல் வந்து வீட்டைக் கொண்டுபோன வருஷம், ஆரையம்பதியில் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். பிரசர் பார்க்க வருகிறவர்களிடம் நான் இடது கையைத்தான் நீட்டுவேன். வலது புயத்தில் கண்ணகி அம்மன் கோயிலில் மந்திரித்துக் கட்டிய அச்சரக்கூடு இருந்தது. அங்கே பிறர் கை பட விடமாட்டேன். எல்லோரும் "நல்லம்" என்றே சொன்னார்கள். அந்தப் பெருமையில் தலையிடியை வெளியே சொல்லவில்லை.

ஒருநாள் காத்தான்குடியிலிருந்து வந்த பெண் டொக்டர், நான் பாயிலிருந்து எழும்பித் தடுமாறியதைக் கண்டுவிட்டார்.

"மற்றக் கையையும் தாங்கம்மா."

"எனக்குப் பிரசர் இல்ல மகள்."

பக்கத்துப் பாய் மனுசி சிரித்தாள். "இவக்குப் பிரசர் வந்தா, பிரசருக்குத்தான் தலை சுத்தும்."

டொக்டர் அச்சரக்கூட்டைப் பார்த்தார். "கழட்ட வேணாம். நீங்களே கொஞ்சம் மேல தள்ளி விடுங்க."

தன் விரல் அதில் படாமல் பட்டியைச் சுற்றினார். இடது கையில் நூற்றிருபது காட்டியது, வலது கையில் நூற்றெண்பது. மறுபடியும் பார்த்தார், அப்படியே இருந்தது. பிறகு நாடி பார்க்க என் இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இடது கைக்குப் போற ரத்தக்குழாய் ஒடுங்கி இரிக்கும் போல. அதான் அதுல குறைச்சுக் காட்டுது. கூடக் காட்டுற கைதான் சரி. இப்பிடியே விட்டா பாரிசவாதம் அடிச்சிரும் அம்மா."

அன்றே என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அந்தக் கடலைக் கண்ட பிறகு வியக்க இனி ஒன்றுமில்லை என்றிருந்தேன். ஒரே நெஞ்சிலிருந்து புறப்படும் ரத்தம், ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு மாதிரிப் போகிறது. அது எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய மனிதர் யாருக்கோ முன்னால் இருப்பதுபோல, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.