மொட்டைப்பாறைக்கு மதியச் சோறு

வண்டி வாங்கப் போகிறேன் என்று அம்மா ரத்னாபாய் சொன்னபோது, கை வண்டியைச் சொல்கிறாள் என்றுதான் ஷிஜா நினைத்தாள்.

"என்ன வண்டி?"

"நாலு சக்கரமும் சேந்து இழுக்குமாமே, அது."

ஷிஜா பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு மாதமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியைப் பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தாள். ரத்னாபாய் ஐந்தாவது வரை படித்தவள். மார்த்தாண்டத்திலிருந்து ஜெபசிங்கைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து, ஆரியசாலைச் சந்தில் இருபது வருடம் மெஸ் நடத்தினாள். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களும் கடைச் சிப்பந்திகளும் அங்கேதான் சாப்பிட்டார்கள். 2002 ஜனவரியில் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மூட்டை தூக்கி முதுகு போன ஜெபசிங் அதற்கு முன்பே வீட்டோடு இருந்தார். நான்கு மாதம் கரமனை வீட்டில் பெரிய பாத்திரங்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன.

அப்போதுதான் சத்தியதாஸ் வந்தான். மெஸ்ஸில் பத்து வருடம் சாப்பிட்டவன். இப்போது விதுரைக்கு அப்பால் மொட்டைப்பாறை உச்சியில் டவர் கட்டும் வேலைக்கு மேஸ்திரி. மேலே ஐம்பத்திரண்டு பேர், எல்லாரும் தென்காசிப் பக்கமும் நாகர்கோவில் பக்கமும். அடிவாரத்திலிருந்து சோற்றைத் தலைச்சுமையாக ஏற்ற இரண்டு மணி நேரம் ஆகும். மழையில் போய்ச் சேரும்போது சோறு பச்சைத் தண்ணீர்போல் இருக்கும். ஆட்கள் பாதிப் பேர் ரொட்டி தின்றே காலம் தள்ளினார்கள்.

"ஜூன் மூணாந் தேதி. முத நாளே ஒரு மணியை ஒட்டி சோறு சூடா மேல வந்திரணும்," என்றான் சத்தியதாஸ். "வந்தா எட்டு மாசத்துக்கு உங்க சாப்பாடுதான் அக்கா. வரலேன்னா நான் ஒண்ணும் பேச முடியாது. கம்பெனிக்காரன் வேற ஆளப் பாத்து வச்சிருக்கான்."

"வண்டி மேல போவுமா?"

"ஜீப்பு போவும். விதுரைக்காரனுவ மழையில வர மாட்டேங்குறானுவ."

"அப்ப நான் வாறேன்."

சத்தியதாஸ் சிரித்தான். ரத்னாபாய் சிரிக்கவில்லை. அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய லைசென்ஸை முதலில் பார்த்தவன் அவன்தான். அடுத்தவள் ஷிஜா. மெஸ் போன பிறகு மரக்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு மாதம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். கம்பிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டும் 'எச்' பரீட்சையில் முதல் தடவையிலேயே ஜெயித்திருக்கிறாள். ஷிஜா அதில் இரண்டு தடவை தோற்றவள்.

"சொல்லவே இல்லையே அம்மா?"

"தோத்திருந்தா சொல்லியிருப்பேன். நீ கூட இருக்கியேன்னு ஒரு ஆறுதலு."

கிள்ளிப்பாலத்தில் மைதீன் பழைய வண்டிகளை வாங்கிச் சீர்செய்து விற்பவன். அவனிடம் ஏதோ எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு ஜிப்சி ஜீப் நின்றது, நாலு சக்கரமும் இழுப்பது. பதினோரு வயது. பின்னாலிருந்த பெஞ்சுகளையும் துணிக் கூரையையும் எஸ்டேட்காரர்களே எடுத்துவிட்டு, உர மூட்டை ஏற்றத் தகரத் தளம் போட்டிருந்தார்கள். சின்ன வண்டி. பக்கத்தில் நின்ற லாரிக்கு முன் பொம்மைபோல் இருந்தது.

ஷிஜா பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்த்தாள். புகை பார்த்தாள். ரத்னாபாய் இன்ஜின் பக்கமே போகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு சாக்கை விரித்து, மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்விட்டாள். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த இரும்புக் கரண்டி. டங், டங் என்று சேஸிஸைத் தட்டிக்கொண்டே நகர்ந்தாள். அலுமினியப் பானை வாங்கும்போது சாலைக் கடைகளில் அவள் செய்வதுதான். ஓட்டை அடைத்த பானை ஊமைச் சத்தம் போடும்.

இடது பின் சக்கரத்துக்கு மேலே ஒரு இடத்தில் சத்தம் செத்தது.

"மைதீனே, இங்க என்ன வச்சு அடைச்சிருக்க?"

மைதீன் ஷிஜாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "கொஞ்சம் புட்டிப் பசை, அக்கா. துரு இருந்தது."

"புட்டியத் தட்டி எடுத்துட்டுத் தகடு வச்சு வெல்டு பண்ணு. பொறவு பேசுவோம்."

"இருபது வருசமா வண்டி விக்கறேன். கரண்டியக் கொண்டு வந்த பார்ட்டிய இப்பத்தான் பாக்கேன்," என்றான் மைதீன். அதில் கேலி இல்லை. மூன்றாம் நாள் தகடு வைத்திருந்தான். ரத்னாபாயின் இரண்டு வளையலும் அன்று அவள் கையை விட்டுப் போயின.

வண்டியைச் சோற்றுக்குத் தயார் செய்ய ஒரு வாரம் ஆனது. பொத்தான்போல் ரப்பர் முண்டு முண்டாகத் துருத்திய பட்டன் டயர் நான்கு போட்டார்கள். ஷிஜா பிளைவுட்டில் ஒரு பெட்டி வரைந்தாள். உள்ளே நான்கு பாத்திரம், சுற்றிலும் நாலு விரல்கடை இடைவெளி. அந்த இடைவெளியில் உமியை அடைத்தால் சூடு எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கணக்குப் போட்டாள். தாள் நிறைய எண்கள். ரத்னாபாய் ஒரு பானை வெந்நீரை உமிக்குள் புதைத்துவிட்டு, நாலு மணி நேரம் கழித்துக் கையை விட்டாள். "செரியாத்தான் சொல்லியிருக்க," என்றாள். அடியில் கயிற்றுப் புரிமணை. மேலே மூடியை மைதா மாவால் ஒட்டி, சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டினார்கள். குழம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சிந்தாது என்று ஜெபசிங் சொன்னார். கவிழ்த்துப் பார்க்க யாரும் துணியவில்லை.

மைதீன் தன் பங்குக்கு வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, சக்கரத்தின் நடுக் குமிழ்களுக்கெல்லாம் வெள்ளிப் பெயின்ட் பூசி மினுக்கியிருந்தான். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தான்.

"நீ பள்ளிவாசலுக்குப் போறவன், நான் சர்ச்சுக்குப் போறவ. நமக்கு எதுக்குடே பிள்ளையாரு?"

"வண்டி என்ன ஜாதின்னு எனக்குத் தெரியாது அக்கா. கிழக்கேகோட்டையில எறங்குற வண்டி பழவங்காடியில ஒரு தேங்கா ஒடைக்காம எங்கயும் போவாது. அதுதான் ரூலு."

ரத்னாபாய் இரண்டு தேங்காய் வாங்கினாள். ஒன்றை உடைத்தாள். மற்றது குழம்புக்கு. அங்கே நின்ற பூசாரி நான்கு குமிழ்களிலும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, நான்கு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தார். வண்டி அவற்றை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. கரமனை தார் ரோட்டில் ஷிஜா நாலு சக்கர லீவரைப் போட்டு, அம்மாவை ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். "சரியா இருக்கு," என்றாள். தார் ரோட்டில் இரண்டு சக்கரம் இழுத்தாலும் நாலு சக்கரம் இழுத்தாலும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது அவளுக்கு அன்று உறைக்கவில்லை.

ஜூன் மூன்று. விடிகாலையிலிருந்து மழை. சோறு, சாம்பார், ரசம், முட்டைக்கோஸ் தோரன். ஒன்பது மணிக்குப் பெட்டியை ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டினார்கள். ஷிஜா லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனாள். பதினொன்றேகாலுக்கு அடிவாரம். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் மண் பாதை. முதல் மூன்று கிலோமீட்டரை வண்டி முனகிக்கொண்டே ஏறியது. பிறகு பாதை நின்றுபோய் பாறை தொடங்கியது.

ஒரே பாறை. யானையின் முதுகுபோல் கறுத்து, ஓரமாக மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மேகம் மறைத்திருந்தது.

ரத்னாபாய் லீவரை நாலு சக்கரத்துக்குத் தள்ளினாள். வண்டி இரண்டு ஆள் நீளம் ஏறியது. பின் சக்கரம் சீறியது. அப்படியே அரை அடி வழுக்கிக் கீழே வந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தினாள்.

"இறங்கிப் பாரு மக்கா."

கைப்பிரேக் அந்தச் சரிவில் தாங்கவில்லை. ஷிஜா பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். ஈரத்தில் கல்லே வழுக்கியது. ரத்னாபாய் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. மணி பன்னிரண்டு ஐந்து.

"ரெண்டு செகண்டு மட்டும் ஓட்டும்மா. நான் பாக்கேன்."

பின் சக்கரம் சுழன்றது. முன் சக்கரம் சும்மா நின்றது. உள்ளே பல் சக்கரம் உடைந்திருந்தால் இன்றைக்கு எதுவும் நடக்காது. பாறையில் பக்கவாட்டில் படுத்து அடியில் பார்த்தாள். "இன்னொருக்கா!" முன்பக்கம் போகும் தண்டு சுழன்றது. நன்றாகச் சுழன்றது. சக்தி முன் அச்சு வரை வருகிறது. சக்கரத்துக்குள் போகவில்லை. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எதுவோ விட்டுப்போயிருக்கிறது.

படுத்தபடியே சக்கரத்தைப் பார்த்தாள். மழையில் சந்தனம் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. வெள்ளிப் பெயின்டுக்கு அடியில், குமிழின் நடுவே, விரல் பிடிக்கும் அளவுக்கு ஒரு மேடு. அதைச் சுற்றி ஒரு வட்டக் கோடு.

"கரண்டி குடும்மா!"

காம்பால் சுரண்டினாள். பெயின்ட் உரிந்து ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்று வந்தது. எதிர்ப்பக்கம் சுரண்டினாள். 'லாக்'. டவுனில் ஓட்டும்போது பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று மைதீன் மேட்டை 'ஃப்ரீ'க்குத் திருப்பி, முன் சக்கரங்களை அச்சிலிருந்து விடுவித்து வைத்திருக்கிறான். பிறகு அழகுக்காக அதன்மேல் பெயின்ட் அடித்திருக்கிறான். அதன்மேல் பிள்ளையாரின் சந்தனம். அதன்மேல் அவளுடைய 'சரியா இருக்கு'.

மேட்டைப் பிடித்து 'லாக்' பக்கம் திருகினாள். பெயின்ட் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. துணி சுற்றித் திருகினாள். விரல் தோல்தான் உரிந்தது.

"என்ன?"

"பெயின்ட்டு கட்டிப் பிடிச்சிருக்கு. சூடு காட்டினா விடும். இந்த மழையில தீக்கு எங்க போறது?"

ரத்னாபாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பின்னால் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரசத்த ஊத்து."

"அம்மா?"

"ஒம்பது மணிக்குக் கொதிக்கக் கொதிக்க மூடினது. நீதான கணக்குப் போட்ட, ஆறாதுன்னு?"

ஷிஜா தார்ப்பாயை விலக்கினாள். ரசப் பாத்திரத்தின் மாவு முத்திரையை உடைத்தபோது ஆவி அவள் முகத்தில் அடித்தது. மழைக்கு நடுவே மிளகு வாசம். இரண்டு தூக்கில் மொண்டு, ஒரு குமிழுக்கு ஒரு தூக்காக, மெதுவாக ஊற்றினாள். பெயின்ட் நுரைத்துச் சுருங்கியது. துணியைச் சுற்றித் திருகினாள். 'டக்' என்று உள்ளே ஏதோ போய் விழுந்தது. மறுபக்கமும் 'டக்'.

"போம்மா."

அதற்குப் பிறகு நடந்ததை ஷிஜா பலமுறை விளக்க முயன்றிருக்கிறாள். கியர் விகிதம், டயர் பிடிமானம், எடை எப்படி முன்னும் பின்னும் பிரிகிறது. விளக்கம் எல்லாம் சரிதான். ஆனால் அன்று அவள் பாறையில் நின்று பார்த்தது வேறு. இன்ஜின் சத்தம் உயரவே இல்லை. சக்கரங்கள் சீறவில்லை. நான்கும் பல்லி சுவரில் ஏறுவதுபோல், ஒவ்வொரு பொத்தானாகப் பாறையைத் தொட்டு, பிடித்து, விட்டு, அடுத்ததைத் தொட்டன. பச்சை வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில் மேகத்துக்குள் ஏறியது. முதலில் முன்பக்கம் மறைந்தது. பிறகு அம்மாவின் தலை. பிறகு பெட்டி. சத்தம் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது, ஒரே சுருதியில். ரத்னாபாய்க்கு அதற்கு முன் மலையில் ஓட்டிப் பழக்கமே கிடையாது. ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஷிஜா ஓட மறந்து நின்றாள். பிறகுதான் பின்னால் ஓடினாள்.

ஆறு வருடம் கழித்து, ரத்னாபாயை அடக்கம் செய்த வாரத்தில், ஷிஜா சரிவு அளக்கும் கருவியோடு தனியாக அங்கே போனாள். இருபத்திரண்டு டிகிரி. எண்ணைக் குறித்துக்கொண்டாள். அதை வைத்து வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று அவள் மூச்சிரைக்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐந்து. சத்தம் கேட்டே ஆட்கள் வேலையை விட்டு இறங்கி வந்திருந்தார்கள். தலையில் பிளாஸ்டிக் சாக்கு, கையில் தட்டு. மேகத்துக்குள்ளிருந்து வந்து நிற்கும் வண்டியையும், அதிலிருந்து சேலையோடு இறங்கும் பெண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தியதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அஞ்சு நிமிசம் லேட்டு." சாம்பார் மூடியைத் திறந்து, நம்பாமல் விரலை விட்டான். "ஐயோ!" என்று விரலை வாயில் வைத்தான்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே," என்றாள் ரத்னாபாய். "ரசம் கொஞ்சம் கொறவாட்டு இருக்கும். வண்டி குடிச்சிட்டு."

சோறு விழுந்ததும் ஐம்பத்திரண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். சாப்பிடவில்லை. தட்டுக்கு மேல் எழுந்த ஆவியில் இரண்டு கைகளையும் நீட்டி வைத்துக்கொண்டார்கள். சிமென்ட்டில் வெடித்த கைகள். மழைச் சாரலில் அத்தனை தட்டிலிருந்தும் வெள்ளையாக எழுந்த ஆவி, மேலே போய் மேகத்தோடு சேர்ந்தது. அது எது, இது எது என்று ஷிஜாவால் பிரிக்க முடியவில்லை.

சத்தியதாஸ் கடைசியாகத் தட்டோடு வந்தான். சுட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி, "நாளைக்கு என்ன கறி அக்கா?" என்றான்.

ரத்னாபாய் வண்டியின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தனை நேரம் பிரேக்கை மிதித்திருந்த வலது கால் முழங்காலுக்குக் கீழே வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மீனு," என்றாள். "தட்டக் காட்டு."