சலவை அறையில் சொன்ன ஒப்பாரி

நாங்கள் இருக்கும் இந்த ஜெர்மனிக் கட்டடத்தில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணிவரை சத்தம் கூடாது. அதற்கு ரூஹெ என்று பெயர். மிக்ஸி ஓட்டக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது. அழலாமா என்று யாரிடம் கேட்பது? ஐந்தாம் வகுப்பு படித்தவள் நான், தமிழ்த் தாளையே விரல் வைத்துத்தான் படிப்பேன். அக்கா இறந்த செய்தி அந்த நேரத்தில்தான் வந்தது. இடுப்பு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம், விமானம் ஏற முடியாது. லிஃப்டில் இறங்கி, மேலே சத்தம் கேட்காத அடித்தளச் சலவை அறையில் மெஷினை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் போனில் ஒப்பாரியைப் பதிந்தேன். துணி எடுக்க வந்த எதிர்வீட்டு இங்கெபோர்க் அம்மாள் பாட்டு என்று நினைத்து, "ஷோன்" என்றாள். நன்றாயிருக்கிறதாம்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில், சாவு வீட்டில் பெண்கள் யாரையும் வைது அழலாம். கூடப் பிறந்தவனைக்கூட. பிணம் எடுத்து வாசல் கழுவினால் அந்தப் பேச்சும் அதோடு போய்விடும். அந்தப் பழக்கத்தில், கடைசியில் என் வாயில் தம்பி வந்துவிட்டான். 'கைநாட்டு வாங்கி நிலத்தை வளைச்சவனே, கஞ்சிக்கு அலையவிட்டவனே' என்று அழுதிருக்கிறேன். அக்காவுக்கு நடந்தது அதுதான். ஆனால் போனைக் கழுவ முடியாதே.

பதிந்து வைத்திருப்பதை அக்கா மகள் செல்வியிடம் சொன்னது என் புத்தி. அவள் மூலம் தெரிந்து தம்பி போன் போட்டான்.

"சின்னக்கா, அனுப்புங்க. பதினாறாம் நாள் மைக்ல போட்டுடுவோம். நீங்க வராத குறை தீரட்டும்."

அந்தக் கடைசியைக் கேட்டால் அவன் செல்வியைத்தான் வெளியே தள்ளுவான். செல்விக்கு அவன் வீட்டை விட்டால் வேறு கதி இல்லை. தம்பியை விட்டுவிட்டு ஒப்பாரியை மறுபடி சொல்லிப் பார்த்தேன், வாய் வரவில்லை. கடைசியை வெட்டச் சொல்லி என் மகனிடம் காட்டினால் மாமனோடு சண்டைக்குப் போவான்.

இங்கெபோர்க் அம்மாள் தன் சர்ச் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் வெட்டிச் சேர்ப்பவள். கூச்சத்தை விட்டு, இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டிக் காட்டினேன். போனை ஒயரில் மாட்டி, இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். எனக்கு உயிரே போனது. அதில் போட்டால் உலகமே கேட்காதா? "நைன், நைன்", வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், சுவரிலிருந்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி என் மடியில் வைத்தாள். அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் வேலை செய்தது. எதுவும் வெளியே போகவில்லை, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

திரையில் என் அழுகை நாற்று நட்டதுபோல் வரிசையாக நின்றது. கடைசியில் மட்டும் ஓங்கி வளர்ந்திருந்தது. அங்கேதான் தம்பி. விரலை வைத்தேன், வெட்டினாள். என் போனில் ஏற்றிவிட்டு, தன் பெட்டியிலிருந்து அழித்தும் காட்டினாள்.

பதினாறாம் நாள் தம்பி கூப்பிட்டான்.

"எல்லாரும் அழுதுட்டாங்க, சின்னக்கா. ஆனா யாரையும் ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. கடைசில டக்குனு நிக்குதே?"

"மெஷின் நின்னுடுச்சுப்பா," என்றேன்.

 அவனுக்குப் பின்னால் செல்வி பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அது நிற்கிறதா, நிற்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

வெட்டாதது இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. மதியம் ஒரு மணியானால் அதைத் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். அக்காவுக்காக அழுதது ஊருக்குப் போய்விட்டது. அவளுக்காக நியாயம் கேட்டது மட்டும், சத்தம் கூடாத இந்த வீட்டில், என்னோடு கிடக்கிறது.