பேர் எழுதாத வெள்ளைக் கார்

குதிரைகளைப் பற்றிய புத்தகம் என்று நினைத்துத்தான் அதை எடுத்தேன். பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில், பழைய சஞ்சிகைகளுக்கு நடுவில் கிடந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் மஸ்டாங் என்று போட்டிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. ஜெர்மனியில், எசன் நகரத்தில், என் வகுப்புப் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் குதிரைப் பைத்தியம் பிடித்திருந்த காலம். மஸ்டாங் என்பது அமெரிக்கக் காட்டுக் குதிரை என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு குதிரைகூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கார். திருப்பி வைக்கப் போனபோது அங்கே வேலை செய்த பெண், விருப்பமென்றால் கொண்டு போகலாம் என்றாள். சும்மா கிடைத்ததை விட்டுவர மனம் வரவில்லை.

அதன் நடுப்பக்கங்களில் அந்தக் காரை ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தி, எந்த ஆண்டில் எது மாறியது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். அறுபத்தைந்தில் முகப்பு தேன்கூடு மாதிரி இருக்கும். நடுவில் ஓடும் குதிரையின் இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி போகும். அறுபத்தாறில் அந்தக் கம்பியை எடுத்துவிட்டார்கள். குதிரை அந்தரத்தில் ஓடும். அறுபத்தேழில் உடம்பு பருத்தது. அறுபத்தெட்டில் பக்கவாட்டில் சின்ன விளக்குகள் வந்தன. அறுபத்தொன்பதில் முன்னுக்கு நாலு விளக்கு, எழுபதில் மறுபடி இரண்டு. எழுபத்தொன்றில் மூக்கு நீண்டு, பார்க்க ஒரு படகு மாதிரி ஆகிவிட்டது. பெருக்கல் வாய்பாட்டில் எட்டாம் வாய்பாடு வராத எனக்கு இது முழுவதும் இரண்டு வாரத்தில் மனப்பாடமாகிவிட்டது. படத்தில் இருந்த எல்லாக் கார்களிலும், முன் சக்கரத்துக்குப் பின்னால், மஸ்டாங் என்ற பேர் எழுதியிருந்தது. அதையும் கவனித்து வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் சந்தேகம் ஒரு கெட்ட குணமாகக் கருதப்படவில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் யார் மணி அடித்தாலும் அம்மா கதவுத் துவாரத்தால் பார்த்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பா. தபாலில் வரும் ஜன்னல் வைத்த கடித உறைகளை அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கிழிப்பார். எங்களோடு சின்ன அறையில் இருந்த சித்தப்பா இவர்களையும் மிஞ்சியவர். படம் எடுக்க யாராவது கமெராவைத் தூக்கினால் அவருக்கு உடனே குசினியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அத்தைக்குக் கலியாணம் நிச்சயமானது அந்த வருடம்தான். அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. மாப்பிள்ளை வீட்டார் பான் நகரத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளையைக் கூட்டிவந்து, மண்டப வாசலில் கால் கழுவி வரவேற்க வேண்டியது பெண்ணின் தம்பி. சித்தப்பா ஒரு கார் திருத்தும் இடத்தில் வேலை செய்தார். மாப்பிள்ளையைத் தான் ஓர் அமெரிக்கக் காரில் கொண்டு வரப் போவதாக ஒரு நாள் சாப்பாட்டின்போது சொன்னார். அம்மா சிரித்தா. அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "முதல்ல உன்ர சைக்கிளுக்குக் காத்தடி," என்றார்.

ஒரு சனிக்கிழமை சித்தப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் அரை மணித்தியாலம். ஒரு ஜெர்மன் அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜைத் திறந்தார். உள்ளே வெள்ளை நிறத்தில் நின்றது. அந்த அம்மாவின் கணவர் இறந்த பிறகு ஓடாமல் கிடந்ததாம். சித்தப்பா ஓய்வு நாட்களில் வந்து திருத்தியிருக்கிறார். நன்றிக்கு ஒரு நாள் கலியாணத்துக்குத் தருகிறேன் என்று அவ சொல்லியிருக்கிறா.

நான் ஒரு வைத்தியரைப் போல அதைச் சுற்றி வந்தேன். குதிரை அந்தரத்தில் நின்றது. உள்ளே மணிக்கூடு மாதிரி ஐந்து வட்ட அளவுமானிகள். சந்தேகமில்லை, அறுபத்தாறு. ஆனால் முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய பேர் இல்லை. அந்த இடத்தில் 'டி-5' என்று ஒரு சின்னத் தகடு. என் புத்தகத்தில் எந்த ஆண்டிலும் அப்படி ஒன்று கிடையாது.

"சித்தப்பா, இதில பேர் இல்லையே?"

"இஞ்ச இதுக்கு இதுதான் பேர்."

"அப்ப உண்மையான பேர் எங்க?"

துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "பேரில என்ன கிடக்கு பிள்ளை. ஓடினாச் சரி." பிறகு, கராஜைப் பூட்டும்போது, "வீட்டில இப்ப ஒருத்தருக்கும் சொல்லாத," என்றார்.

அது போதுமாக இருந்தது. வீட்டாருக்கு ஆச்சரியம் கொடுக்க நினைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றியது வேறு. திருட்டுக் காருக்குத்தான் அடையாளத்தை மாற்றுவார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். திரும்பி வரும்போது பஸ் தரிப்பிடத்தருகே ஒரு பொலிஸ் கார் மெதுவாகப் போனது. சித்தப்பா குனிந்து, அவிழாத சப்பாத்து நூலை அவிழ்த்துக் கட்டினார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்த்தேன். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்த்தேன். அவருக்கு வரும் கடிதங்களை அப்பா தனியாக எடுத்து, அலுமாரியில் வைத்துப் பூட்டுவதைக் கண்டபோது, அப்பாவும் இதில் கூட்டு என்று முடிவு செய்தேன்.

கலியாணத்தன்று நான் பாவாடை சட்டையோடு வாசலில் பன்னீர்ச் செம்பு பிடித்துக்கொண்டு நின்றேன். நாதஸ்வரச் சத்தம் ஒலிபெருக்கியில் வர, வெள்ளைக் கார் பூமாலையோடு வந்து நின்றது. சனம் வாயைப் பிளந்தது. அப்பாவின் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் அதற்கு முன் கண்டதில்லை. சித்தப்பா பட்டு வேட்டியோடு இறங்கி, கால் கழுவும் செம்பைக் கையில் வாங்கினார். மாப்பிள்ளை இறங்குவதற்கு முன்பே அவருடைய பெரியப்பா இறங்கிவிட்டார். சம்பந்தம் பேசிய நாளிலிருந்து எங்கள் குடும்பத்தைப் பற்றி ஜெர்மனி முழுக்க விசாரித்தவர் அவர். ஊரில் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, ஆர் வழி, எப்போது வந்தது, எந்த விசாவில் வந்தது, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அவர் காரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"என்ன கார் பிள்ளை இது?"

தெரிந்ததைக் கேட்டால் நான் சொல்லாமல் இருப்பேனா. அதுவும் ஆறு வாரமாக வயிற்றுக்குள் வைத்திருந்த விஷயம்.

"மஸ்டாங், அறுபத்தாறு. ஆனா பேரை மாத்தியிருக்கினம். இது பொய்ப் பேர். சித்தப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு சொன்னவர்."

பெரியப்பா நிமிர்ந்தார். "பொய்ப் பேரோ?" என்று, என்னைக் கேட்காமல், அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. வலித்தது. சித்தப்பாவைப் பார்த்தேன். செம்பைக் கீழே வைத்தார். அதிலிருந்த தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. சனத்தை விலக்கிக்கொண்டு, கார் தரிப்பிடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் காரைச் சுற்றிக் கூடினார்கள். திருட்டுக் காராம் என்று ஒருவர், பொலிசுக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் கரைச்சல் என்று இன்னொருவர். மாப்பிள்ளை மாலையோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவரை இறங்கச் சொல்லவும் ஆளில்லை, திரும்பிப் போகச் சொல்லவும் ஆளில்லை. மணவறையில் இருந்த அத்தைக்கு யாரோ போய்ச் சொல்ல, அவ அழுவது வாசல் வரை கேட்டது.

காப்பாற்றியது அந்த ஜெர்மன் அம்மாதான். விருந்தினராக வந்து முன்வரிசையில் இருந்தவ எழுந்து வந்து, என்ன நடந்தது என்று என்னைக் கேட்டா. நான் சொன்னேன். அவ சிரித்துவிட்டா. பிறகு சொன்னதை எல்லோருக்கும் நானே தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. ஜெர்மனியில் மஸ்டாங் என்ற பேரை வேறொரு நிறுவனம் தன் லொறிகளுக்கு முன்பே பதிந்து வைத்திருந்ததாம். ஆகவே இந்த நாட்டில் விற்ற கார்களுக்கு அமெரிக்காக்காரர் வேறு பேர் வைத்தார்களாம். அதுதான் டி-5. கார் அதே கார். அவ கைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினா. அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப காரிட பேரைத்தான் பிள்ளை சொன்னது," என்றார்.

"ஓம், வேற எதை?" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

சித்தப்பாவைத் தேடி இரண்டு பேர் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். முகூர்த்தம் தவறப் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தியதால், அத்தையின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் கால் கழுவினார். கால் கழுவும் தம்பிக்கு மாப்பிள்ளை போடும் மோதிரமும் அவருக்குத்தான் கிடைத்தது. இன்றைக்கும் அத்தையின் அல்பத்தில் அந்தப் படத்தில் குனிந்திருப்பவர் அவர்தான். தாலி கட்டி, சாப்பாடும் முடியும் நேரத்தில் சித்தப்பா திரும்பி வந்தார். மணமக்களை ஏற்றிக்கொண்டு, சைக்கிள்காரர் முந்திப் போகும் வேகத்தில் காரை ஓட்டினார். என்னோடு கோபிக்கவில்லை. பேசவும் இல்லை.

அன்று பின்னேரம் அப்பா என்னை அறைக்குள் கூப்பிட்டார். அடி விழும் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்தப் பெரியப்பா பிறகு உன்னட்ட வேற ஏதும் கேட்டவரோ?"

"இல்லை."

"சித்தப்பாவைப் பற்றி?"

"இல்லை அப்பா."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். இல்லை என்றேன். ஒரு காரைப் பற்றிச் சொன்னதற்கு இத்தனை விசாரணையா என்று எனக்கு அழுகை வந்தது. அடுத்த மாதமே சித்தப்பா எங்கள் வீட்டை விட்டு, வேறொரு நகரத்தில் வேலை கிடைத்தது என்று போய்விட்டார். நான்தான் காரணம் என்று நினைத்து, அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்த் தொட்டியில் போட்டேன்.

போன வருடம் சித்தப்பா தொலைபேசியில் கேட்டார், ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும், சட்டத்தரணியிடம் நாள் குறித்துத் தெர்மின் எடுத்திருக்கிறேன், ஜெர்மன் எழுத நீ வரவேண்டும் என்று. இப்போது அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவருடைய குசினி மேசையில் தாள்களை விரித்தேன். முதல் பக்கத்தில் பேரை எழுதினேன். இருபது வருடமாக அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் உறையில் நான் எழுதி வந்த பேர்.

"அது வேண்டாம் பிள்ளை. அதைத்தான் மாத்தக் கேக்கிறம்."

அவர் மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொன்ன பேரை நான் ஒருபோதும் கேள்விப்பட்டதில்லை. வீட்டில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெர்மனிக்கு வந்தபோது கிடைத்த பாஸ்போட் இன்னொரு பெடியனுடையது. வாழ்ந்தது முழுக்க அந்தப் பெடியனாக.

பேனாவை வைத்துவிட்டேன். "சித்தப்பா, அண்டைக்கு வாசலில நான் காரைப் பற்றித்தான் சொன்னன்."

"ஓம், தெரியும்," என்றார். தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்தார். "அண்டைக்கு எனக்குத் தெரியாது."