தூரம் போகாத வெளிச்சம்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குற்றாலம் பேரருவியில் நடந்தது இது. ஆனால் அதற்கு முந்தைய வாரம் தென்காசியில் ஒரு கடையில் கைவிளக்கும் தோள்பையும் வாங்கியதிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் வீடு குத்துக்கல்வலசையில், புதிதாக மனை பிரித்த பகுதியில் இருக்கிறது. வீடுகள் வந்துவிட்டன, தெருவிளக்கு வரவில்லை. வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி நடந்து வரும்போது பாம்புக்குப் பயந்து, கைப்பேசி வெளிச்சத்தில் அடி மேல் அடி வைப்பேன். நல்ல விளக்கொன்று வாங்கிவிடுவது என்று கடைக்குப் புறப்பட்டபோது, துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த அக்காள் கணவரும் சேர்ந்துகொண்டார். விடுப்பு முடிவதற்குள் காடு மலையெல்லாம் சுற்ற வேண்டும் என்பது அவர் ஆசை.

கடைக்காரர் பல அளவுகளில் எடுத்து வைத்தார். அத்தான் சிறியவற்றைத் தொடக்கூட இல்லை. முழங்கை நீளத்திலிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், எதிர்க் கட்டடத்தின் உச்சியில் அடித்தார். அங்கே தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காகம் திடுக்கிட்டுப் பறந்தது.

“அண்ணாச்சி, இது எம்புட்டுத் தூரம் போவும்?”

“செங்கோட்டையில எவன் பீடி பத்தவைக்கான்னு இங்கன இருந்தே பாக்கலாம்” என்றார் கடைக்காரர்.

“இத எங்கன அத்தான் வச்சிக்கிட?” என்று கேட்டேன். “கைப்பையில நிக்காதே.”

“அதுக்குத்தான ஒரு பை வாங்கப் போறோம்” என்றார் அவர்.

பையைத் தேர்ந்தெடுத்தது நான். மழை புகாத துணி, மார்பில் பூட்டும் வார், உள்ளும் புறமுமாகப் பல அறைகள். மேலறையில் விளக்கு, உள்ளறையில் கைப்பேசிகள், பக்க அறையில் அக்காளின் மூச்சு மருந்து என்று நானே இடம் வகுத்தேன். அக்காளுக்குச் சிறு வயது முதலே இளைப்பு உண்டு. வாயில் வைத்து உறிஞ்சும் அந்த மருந்துக் குப்பி இல்லாமல் அவள் வெளியூர் கிளம்புவதில்லை. எந்தப் பொருள் எந்த அறையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பை எங்கே இருக்கும் என்பதைத்தான் நினைத்துப் பார்க்கவில்லை.

குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற எல்லாக் குடும்பங்களிலும் ஒருவர் கரையில் நின்று பை பார்ப்பார். கண்ணாடி, கைப்பேசி, சாவி, கழற்றிய சங்கிலி எல்லாம் அவரிடம் போய்ச் சேர்ந்த பிறகே மற்றவர்கள் தண்ணீருக்குள் இறங்குவார்கள். அந்த வெள்ளிக்கிழமை அத்தான் முதலில் குளித்துவிட்டு, புதுப் பையை மார்பில் பூட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் நின்றார். நானும் அக்காளும் நடைபாலத்தைக் கடந்து பெண்கள் குளிக்கும் பக்கம் போனோம்.

“ஓரமா நின்னு தலைய நனச்சிட்டு வந்துருதேன்” என்று சொல்லித்தான் அக்காள் இறங்கினாள். சிறிது நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. எச்சரிக்கைச் சங்கு ஊதிற்று. போலீசார் விசிலடித்து எல்லோரையும் கரையேற்றினார்கள். நாங்கள் படிகளில் ஏறித் திரும்பியபோது நடைபாலத்தின் மேல் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரு முனைகளிலும் கயிறு கட்டிவிட்டார்கள். சாரல் மேகத்தால் முன்னதாகவே இருட்டத் தொடங்கியிருந்த வேளையில், மின்சாரமும் நின்றது.

அக்காள் என் தோளைப் பற்றினாள். அவள் மூச்சில் அந்தச் சீழ்க்கை ஒலி வந்துவிட்டது.

கூட்டம் நெருக்கியடித்து நின்றது. அவளால் நடக்கவும் முடியவில்லை. ஒரு கைப்பேசி கிடைத்தால் அத்தானை அழைக்கலாம் என்று அருகிலிருந்தவர்களைக் கேட்டேன். எல்லோரும் ஈர உடையில் வெறுங்கையோடு நின்றார்கள். அவர்கள் பைகளும் யார் யார் தோளிலோ அக்கரையில்தான் இருந்தன. கயிற்றருகே நின்ற போலீசாரைக் கூவி அழைத்தேன். அருவியின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஓர் அம்மாள் அக்காளின் முதுகில் கை கொடுத்தார். சிவகிரியிலிருந்து வந்தவராம்.

“ஏட்டி, அவளக் குனிய விடாத. நிமித்தி உக்கார வை. மருந்து எங்க?”

“அத்தான்கிட்ட, பையில.”

“நல்லா வச்சிய போ” என்றபடி கழுத்திலிருந்து ஒரு கயிற்றைக் கழற்றினார். அதில் ஒரு வீட்டுச் சாவியும், பிளாஸ்டிக் உறைக்குள் விரல் நீள விளக்கொன்றும் கோத்திருந்தன. “எங்க வீட்டாரு பை பாக்கேன்னுட்டு டீ குடிக்கப் போயிருவாரு. அவர நம்பிச் சாவியக் குடுத்தா நான் தெருவுலதான் படுக்கணும்.”

விளக்கை வாங்கி அக்கரையை நோக்கி அடித்தேன். ஒளி பாதி வழியிலேயே சாரலில் கரைந்தது. அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

“அங்கன அடிச்சா அவருக்கு ஒரு பொட்டுதான் தெரியும். ஒங்க ரெண்டு பேரு மூஞ்சியில அடி. யாருன்னு தெரியட்டும்.”

நான் தயங்கினேன். எதிர்க்கரை முழுவதும் ஆண்கள். நாங்களோ நனைந்த உடையில் இருந்தோம். அவர் தம் துண்டை உதறி எங்கள் இருவரையும் சேர்த்துப் போர்த்தினார். “வெக்கத்த நாளைக்குப் படலாம், பிடிட்டி வெளக்க” என்றார். பிடித்தேன். அக்காளின் உதடுகள் வெளுத்திருந்தது அந்த வெளிச்சத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு விளக்கை அசையாமல் பிடித்திருப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் செய்வதற்கில்லை.

அக்கரையில் நடந்ததைப் பின்னால் அத்தான் சொல்லிக் கேட்டேன். மின்சாரம் நின்றதும் அவர் பெரிய விளக்கை எடுத்து எங்களைத் தேடி ஒருமுறை அடித்திருக்கிறார். உடனே சுற்றியிருந்தவர்கள், “பொம்பளையாளுவ நிக்க பக்கம் எவம்லே டார்ச் அடிக்கான்?” என்று பாய்ந்துவிட்டார்கள். அவர் கூசிப்போய் அணைத்துவிட்டார். தம் மனைவி நோயாளி என்று கயிற்றருகே நின்ற போலீஸ்காரரிடம் மன்றாடியதும் எடுபடவில்லை. “எல்லாரும் இதத்தான் சொல்லுதிய. தள்ளி நில்லும்” என்றாராம். செங்கோட்டை வரை ஒளி போகும் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இருட்டைப் பார்த்தபடி அவர் நின்றிருக்கிறார்.

அந்த இருட்டில் இரண்டு முகங்கள் தெரிந்தன.

“அந்தா பாருங்க சார், அந்த வெளிச்சத்துல. நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு இருக்காளே, அவதான் எம் பொண்டாட்டி.” போலீஸ்காரர் பார்த்தார். உடனே மருந்துக் குப்பியை வாங்கிக்கொண்டு, காவலர்கள் மட்டும் போய்வரும் வழியாகச் சுற்றி ஓடிவந்தார். கூட்டத்துக்குள் எங்களைத் தேட வேண்டிய வேலையும் அவருக்கு இருக்கவில்லை. வெளிச்சத்தை நோக்கி நேரே வந்துவிட்டார்.

மருந்தை உறிஞ்சிய பின் சீழ்க்கை ஒலி மெல்ல மெல்லத் தணிந்தது. “தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு” என்று அக்காள் முதல் வார்த்தை பேசினாள். மின்சாரம் வந்ததும் அந்த அம்மாள் சாவிக்கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “எங்க வீட்டாரு இன்னும் ரெண்டாவது டீயில நிப்பாரு” என்று படியேறிப் போனார். நான் நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் கூட்டம் அவரை மூடிக்கொண்டது. துண்டு எங்கள் மேலேயே இருந்துவிட்டது.

வீடு திரும்பும் வழியில் அத்தான் பெரிய விளக்கைப் பைக்குள் திணித்தார். அக்காள் கேட்டாள்: “ஏன், செங்கோட்டையில பீடி பத்தவச்சவன் தெரிஞ்சானா?”

மறுநாள் அதே கடையில் விரல் நீள விளக்குகள் இரண்டு வாங்கினோம். அக்காளின் கழுத்தில் இப்போது விளக்கோடு மருந்துக் குப்பியும் ஓர் உறைக்குள் தொங்குகிறது. பெரிய விளக்கு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் பார்க்கப் பயன்படுகிறது. சிவகிரி அம்மாளின் துண்டைத் துவைத்து மடித்து, அந்தத் தோள்பையிலேயே வைத்திருக்கிறேன். அருவிக்குப் போகும்போதெல்லாம் அதுவும் எங்களோடு வருகிறது.

இன்று எந்தக் கைவிளக்கை வாங்கினாலும் முதலில் என் முகத்துக்கு நேரே திருப்பித்தான் அடித்துப் பார்க்கிறேன். கண் கூசும் அந்த நொடியில், நம்மைத் தேடி அக்கரையில் தவித்து நிற்கிற ஒருவருக்கு நாம் தெரிய வேண்டியதும் நம் பொறுப்புத்தான் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.