அட்டைப் படத்தில் இருப்பவர்

கல்லூரி நூலகத்தின் கோடி அறையில், பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களைக் கம்ப்யூட்டர் வாசிக்கும்படி மாற்றித் தருவது அவள் வேலை. பொருளாதாரப் பேராசிரியரிடம், அவர் எழுதிய புத்தகத்தின் ஃபைலைக் கேட்டு நடையாய் நடந்தாள். "என்னம்மா அவசரம், அடுத்த செமஸ்டர்ல பார்க்கலாம்" என்று ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்தார். பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, கழுத்து பிடித்துக்கொள்ள முடித்தாள்.

படம் வரும் இடத்தில் அதில் தெரிவதை வார்த்தையில் எழுத வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. மனுஷன் அட்டையிலேயே தன் படத்தைப் போட்டிருந்தார். அதற்கு மட்டும் அவள் ஒரு டீ குடித்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து எழுதினாள்.

கம்ப்யூட்டர் வாசிக்கும் அந்தப் புத்தகத்தின் வெளியீட்டு விழாவில், "நம்ம பசங்களுக்காக நானே முன்வந்து கொடுத்தேன்" என்று பேராசிரியர் கொஞ்சமும் கூசாமல் பேசினார். பிறகு பார்வையில்லாத மாணவி ஒருத்தி பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது: "அட்டைப் படம். இந்த நூலின் ஆசிரியர் ஒரு தடித்த புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருக்கிறார். யாருக்கும் கொடுக்கிற முகமாகத் தெரியவில்லை."

முதலில் சிரித்தது அந்த மாணவிதான். அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது.

விழா முடிந்த கையோடு பேராசிரியர் கோடி அறைக்கு வந்து நின்றார். அங்கே அவர் கால் வைத்தது அதுதான் முதல்முறை.

"அந்த வரியை உடனே எடுத்துடும்மா."

அவள் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"என்ன சார் அவசரம், அடுத்த செமஸ்டர்ல பார்க்கலாம்."