போடிமெட்டுக்கு மேலே, அக்காவை அழைத்துவரப் போன பயணம்

போடிமெட்டு என்று இணையத்தில் தேடினால் பனியும் கொண்டை ஊசி வளைவும்தான் வரும். போன ஐப்பசியில் நான் அங்கே போனது பனி பார்க்க அல்ல, என் அக்காவை ஓர் ஆசிரமத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துவர. இதே வேலையாக மலையேற யோசித்துக்கொண்டிருக்கும் தம்பிகளும் பிள்ளைகளும் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

அக்கா பெயர் ஈஸ்வரி. ராசிங்காபுரத்தில் வீடும் கொஞ்சம் தோட்டமும் உண்டு. மாமா இறந்த பிறகு யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு சத்சங்கத்துக்குப் போனாள். பிறகு அங்கேயே தங்கிவிட்டாள். ஆசிரமத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு குரு, அவர் மனைவி, இரண்டு மகன்கள். குரு பேச்சை நிறுத்திப் பல வருடமாகிறது. அவருக்கும் சேர்த்து மனைவி பேசுகிறார். எல்லோருக்கும் அவர் பெரியம்மா. மூத்த மகன் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார், இளையவர் வீடியோக்களைப் பார்த்துக்கொள்கிறார். பக்தர்கள் கூலியில்லாமல் காய் பறிப்பதற்குச் சேவை என்று பெயர். அந்தக் காய் அருள் ஏலக்காயாகி, கடைவிலையை விடக் கூடுதலாக அதே பக்தர்களுக்கே விற்கப்படுகிறது. எனக்கு வயிறு எரியும். ஆனால் அக்கா நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்து விட்டிருந்தேன்.

விடமுடியாமல் செய்தவள் அக்காவின் ஒரே மகள் கவிதா. தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது, தாய்வீடு பூட்டிக் கிடக்கிறது. போடியில் மாமியார் வீட்டிலிருந்து போன் செய்தாள். "அம்மாவுக்குப் பூ வரலையாம் மாமா. நீங்களாச்சும் போயிக் கூட்டிட்டு வாங்க" என்று அழுதாள்.

பூ கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. கல்யாணம், கிணறு என்று பெரிய காரியம் வந்தால் சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, இரண்டையும் இலையில் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்போம். எப்போதோ செய்வதை அந்தக் குடும்பம் அன்றாட வழக்கமாக்கிவிட்டது. மாத்திரை சாப்பிடலாமா, ஊருக்குப் போகலாமா, எல்லாமே பூ. வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். மகள் பிரசவத்துக்குப் போகலாமா என்று அக்கா மூன்று முறை கேட்டிருக்கிறாள். மூன்று முறையும் சிவப்பு.

மதுரையில் காலை ரயிலைப் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போடி. தோட்ட வேலையாட்களின் ஜீப்புகள் விடியும் முன்பே ஏறிவிடும் என்பதால் தனி ஜீப் பேசினேன். போக வர, காத்திருப்புச் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. மெட்டு வரை இருபத்தாறு கிலோமீட்டர். வயிறு ஒத்துழைக்காதவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள்.

ஓட்டுநர் செல்வம் என்னைச் சுற்றிப் பார்க்க வந்தவன் என்று நினைத்து, "எங்கண்ணே, டாப் ஸ்டேஷனா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்:

"அங்கன ஆளக் கொண்டுபோயி எறக்கித்தான் பழக்கம். ஏத்திக்கிட்டு வந்ததே இல்ல. சண்ட கிண்ட போட்றாதீகண்ணே. போன மாசம் ஒருத்தரு போயி ஒரே சத்தம். அவரு பொண்டாட்டி முன்னைக்கு இன்னும் உள்ள போயி உக்காந்துக்கிருச்சு."

நான் ரயிலில் ஒத்திகை பார்த்துவைத்திருந்தது முழுக்கச் சண்டைதான். மெட்டில் டீ குடித்தபோது எல்லாவற்றையும் மனதுக்குள் அழிக்க வேண்டியதாயிற்று.

சோதனைச் சாவடி தாண்டிச் சிறிது தூரத்தில் மண்பாதை பிரிகிறது. ஆசிரமத்துக்குக் கேட் உண்டு, பூட்டு இல்லை. பூட்டு இருந்தால் போலீசுக்காவது போயிருக்கலாம். அக்கா இளைத்திருந்தாள். காய் பறித்துப் பறித்து விரலெல்லாம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "சாப்ட்டியாடா?" என்றாள்.

"கவிதாவுக்கு எந்நேரமும் வலி எடுக்கலாம்க்கா. வா."

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? பூ வந்தா வர்றேன்."

"அப்ப இப்பவே கேளு."

பெரியம்மா என்னை அன்பாகத்தான் வரவேற்றார். சுக்குக் காப்பி கொடுத்து, என் முட்டிவலி வரைக்கும் விசாரித்தார். ஐந்து நிமிடத்தில் எனக்கே அவரைப் பிடித்துப்போனது. அதுதான் பயமாக இருந்தது. கூடத்தில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, விளக்கு முன்னால் ஏல இலையில் கட்டிய இரண்டு பொட்டலங்கள் வந்தன. அக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

எனக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. அதற்குள் பெரியம்மா சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: "ஈஸ்வரி, ஒன் தம்பி மனசுல சந்தேகத்தோட வந்து நிக்கிறாரு. சந்தேகம் இருக்கிற எடத்துல விழுந்த பூ செல்லாது. சாயங்காலம் குளிச்சிட்டு வா, திரும்பக் கேப்போம்."

அக்கா கையிலிருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்காமலிருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்காவே தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"பெரியம்மா, எனக்கு மூணு தடவ செவப்பு விழுந்துச்சு. அப்ப ஒரு தடவகூட, திரும்பக் கேப்போம்னு நீங்க சொல்லலையே?"

மூத்த மகன் எதையோ சொல்ல வந்து அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பெரியம்மா குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பொட்டலத்தில் ஏதாவது தில்லுமுல்லு இருக்கும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான் நான் வந்திருந்தேன். அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. அவர்களே போட்ட பூவை அவர்களே செல்லாது என்றதுதான் அக்காவுக்கு உறைத்திருக்கிறது.

அக்கா அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்தாள். படியருகே ஓர் அம்மா அவள் கையைப் பிடித்து, "எனக்கும் செவப்புத்தான் விழுகுது" என்று மெதுவாகச் சொன்னார். "வர்றீகளாக்கா?" என்றாள் அக்கா. அந்த அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செல்வம் எங்கள் இருவரையும் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார். "வெரசா ஏறுங்க ஆத்தா!" என்றார். முதல் வளைவு இறங்கும்வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். யாரும் வரவில்லை. பாதி மலையில் பனி விலகிக் கீழே போடி தெரிந்தபோதுதான் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அக்கா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள், டீ வேண்டும் என்று. அங்கே டீ கூடாதாம். இரண்டு டம்ளர் குடித்தாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாலைக்குள் இறங்கிவிடுங்கள், மழை நாளில் பனியில் ரோடு தெரியாது. செருப்பில் போகாதீர்கள், அட்டை கடிக்கும். ஜீப்பை அனுப்பிவிடாமல் காத்திருக்கச் சொல்லுங்கள். கிளம்பச் சம்மதித்தவர் மனம் மாற அரைமணி நேரம் போதும். குருவைத் திட்டாதீர்கள். அவரை நம்பியவரையும் சேர்த்துத் திட்டியதாக ஆகிவிடும்.

மறுநாள் விடியலில் போடி ஆஸ்பத்திரியில் கவிதாவுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். அக்கா வலி நேரம் முழுக்க வெளியே சுவரைப் பிடித்து நின்றிருந்தாள். பிள்ளையை மடியில் வாங்கி, உச்சந்தலையை முகர்ந்து, சிரிப்பும் அழுகையுமாக இருந்தபோது கவிதா படுத்தபடியே கேட்டாள்.

"நேத்தும் செவப்பு விழுந்திருந்தா வந்திருப்பியாம்மா?"

'வந்திருப்பேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அக்கா பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"தெரியல ஆத்தா" என்றாள்.

கவிதா மெல்ல நகர்ந்து படுத்து, அம்மா உட்காரக் கட்டிலில் இடம் விட்டாள்.